உப்புத் தூக்கலான நண்டுக் கறி

அன்பு மகளே,

சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு நாக்கில் எந்த ருசியும் தெரிவதில்லை. சனிக்கிழமையானால் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக அலைகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, கிள்ளானில் மீன் தலைக் கறி. எங்கே போனாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு, "போதுங்க, வீட்டுக்குப் போலாம்" என்பாள். எனக்கும் அலுத்துவிட்டது.

நேற்று கேரித் தீவில் ஒரு பலகைக் கடையில் நண்டுக் கறி வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து, "என்னக்கா, உப்பு தூக்கலா இருக்கு லா!" என்று கடைக்கார அக்காவிடம் சண்டைக்குப் போனாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் சிரித்தேன், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மெல்பர்னிலிருந்து தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய். அவ்வளவு நாள் தள்ளிப்போடாதே, கண்ணு. டாக்டர் சொன்னதை நேரில் பேசிக்கொள்வோம். அடுத்த வாரமே லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

உன் அப்பா