அழுகிய கற்றாழை

மகாராணிக்கு,

பந்தயத்தில் கள்ளாட்டம் ஆடிவிட்டேன். தண்ணீரே இல்லாமல் எந்தச் செடி தாங்கும் என்று பார்க்கத்தானே உன் நித்தியகல்யாணியையும் என் கற்றாழையையும் நட்டோம்? நீ போனதும் என்னுடையதற்கு மட்டும் தினமும் ஒரு செம்பு ஊற்றினேன். அது வேரோடு அழுகிவிட்டது. உன்னுடையது ஒரு சொட்டு இல்லாமல் பூத்துக் குலுங்குகிறது.

“நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டா இருந்துக்குவீங்களா?” என்று பெட்டியோடு நின்று கேட்டாய்.

“கத்தாழை மாதிரி இருப்பேன், போடி” என்று சிரித்தேன்.

நாலு மாதமாகிறது. அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, உறையில் வைக்க உன் பூ ஒன்றைப் பறிக்கக் குனிந்தேன். மூக்குக்கண்ணாடி விழுந்தது. நானே மிதித்துவிட்டேன். அதனால்தான் இந்த வரிகள் கோணல். இனி நீ பதில் போட்டாலும் என்னால் படிக்க முடியாது.

இப்படிக்கு,
தோற்றவன்