கொத்தனாரின் விரல்

என் வீட்டுக்காரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்று, முதன்முதலாக என் கையாலேயே உனக்கு எழுதுகிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாதே, இப்போது சொல்லப்போவது எனக்கு நடந்ததல்ல. என் அறையில் இருக்கும் கொத்தனார் எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவன். அதற்காக அவ்வப்போது அறையிலேயே விரலில் குத்தி, சின்னக் குழாயில் ரத்தம் பிடித்துப் பரிசோதனைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கூட இருப்பவர்கள் கேலி செய்ததால் நடுவில் மாத்திரையை விட்டுவிட்டான். இப்போது குழாய் வந்ததும், இதற்குள் நோய் தொற்றியிருக்குமோ என்று ஆடிப்போய்விட்டான்.

“பெரியப்பா, உங்க விரல்ல குத்தி நிரப்பிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“என் உடம்பு நல்லாருக்குன்னு பதில் வரும். உன் உடம்பைப் பத்தி எவன்டா சொல்லுவான்?” என்றேன்.

சிமெண்டில் காய்த்துப்போன விரல். குத்தியும் ரத்தம் வரவில்லை. குழாயோடு வந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்து, கையை வெந்நீரில் வைக்கச் சொன்னேன். பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; குழாயில் அவன் பெயரை நான்தான் எழுதினேன்.

“மெதுவாவே எழுதுங்க பெரியப்பா. முடிச்சா அனுப்பணுமே” என்று அழுதான்.

முடிவு சில நாளில் வரும். அதையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டுமாம்.

நீ பெரிய எழுத்தில் நாலு வரி எழுது. என்ன சமைத்தாய் என்றாவது எழுது. இங்கே நான் படிப்பதெல்லாம் மருந்துத் தாள்தான். காவல் வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. முடிவு எதுவானாலும், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அடுத்த வாரம் உனக்கு எழுதுவேன்.