பத்து நிமிஷத்துக்குள் சொல்ல வேண்டிய ஆறு எண்கள்

பேரனுக்கு,

இதை எழுதுகிறவள் உன் பாட்டி. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். குற்றம் கண்டுபிடிக்காமல் கடைசி வரை படி. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன், கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நான் இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. கறுப்பு மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது.

போன மாதம் உன் போனில் ஆறு ஆறு எண்ணாக நாலு தடவை ஏதோ வந்திருக்கும். எவனோ திருடன் வேலை என்று அழித்திருப்பாய். திருடன் இல்லை, நான்தான். விஷயத்தைச் சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும், நிலத்தைப் போனில் பதிகிறார்கள் என்று வந்தபோது என்னிடம் போன் இல்லை. நீ உன் நம்பரைக் கொடுத்தாய். அதிலிருந்து நம் வயலுக்கு என்ன சேதி வந்தாலும் உனக்குத்தான் வருகிறது. இந்தத் தடவை எந்த வயலில் என்ன பயிர் என்று படம் எடுக்க, விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். பதினாலு ஊர் அவள் தலையில், ஒரு நாளைக்கு நாற்பது வயல் எடுக்க வேண்டுமாம். அன்றைக்கு நடவு முடிந்த புதுசு, முழங்கால் சேறு. உள்ளே இறங்காமல் வரப்பில் நின்று, அந்தப் பக்கம் திரும்பி அமுக்கிவிட்டாள்.

அந்தப் பக்கம் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் சின்னத் தாத்தா, என் கொழுந்தன். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், உன் தாத்தா காய்ச்சலில் கிடந்த ஒன்பது நாளில், ஆறாவது நாள் வரப்பை வெட்டி இரண்டு அடி உள்ளே தள்ளிப் போட்ட மகராசன். நம் இரண்டு அடியில் அவன் மக்காச்சோளம் நிற்கிறது. போனுக்கு வரப்பு தெரியாது, பத்திரத்து அளவுதான் தெரியும். சோளம் நிற்கிற இடம் நம் நிலத்து எண் என்று கண்டுபிடித்து, நம் வயல் முழுக்க மக்காச்சோளம் என்று எழுதிக்கொண்டது. ஊரில் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாததைப் போன் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டு என் கழுத்தையும் அறுத்தது.

எப்படி என்றால், வாய்க்கால் தண்ணீர் இப்போது அந்தக் கணக்குப்படிதான். நெல்லுக்கு நாலு நாளைக்கு ஒரு முறை, சோளத்துக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை. மடைக்காரனிடம் போய் நின்றேன். என் வீட்டில் வளர்ந்த பையன் மாதிரி இருந்தவன். அக்கா, நீங்க நெல்லு போட்டது எனக்குத் தெரியாதா, ஆனா லிஸ்ட்ல சோளம்னு இருக்கே, தொறந்தா என் வேலை போயிடும் என்றான். அப்படியென்றால் லிஸ்டைக் கொண்டுபோய் வயலில் நடுடா, அறுத்துத் தின்னலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பெண்ணைப் பிடித்தேன். தப்பு என்னுதுதான் பாட்டி என்று உடனே ஒத்துக்கொண்டாள். அதனால் முழுக்கத் திட்ட முடியவில்லை, பாதிதான் திட்டினேன். ஆனால் அவளாலும் மாற்ற முடியாதாம். மாற்ற அமுக்கினால் உன் போனுக்கு ஆறு எண் போகும், அதைப் பத்து நிமிஷத்துக்குள் இங்கே போட வேண்டும். சரி, இப்போதுதான் எனக்கும் போன் இருக்கிறதே, பேரன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடு என்றேன். அதற்கும் உன் போனுக்குத்தான் எண் போகுமாம். அலுவலகத்துக்குப் போனால் கைரேகை வைத்து மாற்றலாம் என்றார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். பத்து விரலையும் துடைத்துத் துடைத்து வைத்தேன். ரேகை தேஞ்சு போச்சும்மா, மெஷின் எடுக்கல என்றான் அங்கே இருந்தவன். இந்த நிலத்தில்தான் தேய்ந்தது. அதை எந்த மெஷினிடம் போய்ச் சொல்வது?

நாலு தடவை அமுக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் உனக்குப் போன் அடித்தோம். முழுசாக அடித்து ஓய்ந்தது. அவள் நம்பர் தெரியாததால் நீ எடுக்கவில்லை. என் நம்பர் தெரிந்ததால் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. சோளத்துக்குப் படைப்புழு வரும், இந்த மருந்தை அடியுங்கள் என்று தினமும் காலையில் உன் போனுக்குக் குரல் வருமாம். இரண்டு மாதமாக அதைக் கேட்டுவிட்டு, நம் வயலில் ஏது சோளம், கிழவிக்கு என்ன ஆச்சு என்று ஒரு நாளாவது உனக்குத் தோன்றவில்லையா?

நீ இங்கிருந்து கிளம்பிப் போன அன்று கொழுந்தன் வீட்டில் சாப்பிட்டாய். ரெண்டு அடிக்காக இன்னும் எத்தனை வருஷம், விட்டுத் தொலையேன் பாட்டி என்று அவன் முன்னாலேயே சொன்னாய். அந்த வீட்டுச் சோறு தின்ன வாயால என்னைப் பாட்டின்னு கூப்பிடாதே என்று நான் சொன்னேன். பதினாலு மாதமாக நீயும் கூப்பிடவில்லை. நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் போனை எடுக்காதே என்று நான் சொல்லவில்லை.

மேல் வயல் வெடித்துவிட்டது, அதை விட்டுவிட்டேன். கீழ் வயல் பள்ளம் என்பதால் இன்னும் பச்சையாக இருக்கிறது, கதிர் வரப்போகிறது. கொழுந்தன் தன் மோட்டாரில் தண்ணீர் விடுவதாக, அண்ணி ஒரு வார்த்தை கேட்டா போதும் என்று பெண்டாட்டியிடம் சொல்லி அனுப்பினான். வரப்புவரைக்கும் போனேன். வாய் வரவில்லை, திரும்பிவிட்டேன். நீ சிரிப்பாய், சிரி.

வருகிற மாதம் முதல் திங்கட்கிழமையோடு லிஸ்டை மூடிவிடுவார்களாம். அதற்குப் பிறகு அறுப்புவரைக்கும் யாராலும் மாற்ற முடியாது. கடிதம் பன்னிரண்டு நாளில் வரும் என்று தபால்காரர் சொன்னார், எண்ணித்தான் போடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வயலில் வந்து நின்று அமுக்குவாள். அவள் நம்பரை அவள் கையாலேயே பின்பக்கம் எழுதியிருக்கிறாள். எண் வந்ததும் அவளைக் கூப்பிட்டுச் சொல்.

என்னோடு நீ பேச வேண்டாம். நானும் வாயைத் திறக்க மாட்டேன், அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆறு எண்ணைச் சொல்லிவிட்டு நீ வைத்துவிடலாம். ஆனால் போனைச் சத்தமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை ஏமாந்தவள், என் காதால் கேட்டால்தான் நம்புவேன். அதனால் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, மெதுவாகச் சொல். முடிந்தால் இரண்டு தடவை சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

இப்படிக்கு,
உன் பாட்டி