அண்ணன் இன்னும் உங்கள் வீட்டுக்குத்தான் போகிறான்

என் ஸ்டெல்லா அத்தைக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டு வருடம் ஆகிறது. வேறு யாரிடம் அழுவது என்று தெரியாமல் உங்களிடமே வந்திருக்கிறேன். நேற்று செல்வம் அண்ணனை அடித்துவிட்டார்கள், அத்தை. உங்கள் வீட்டில் வைத்து.

உடம்பு வளர்ந்தும் அறிவு ஐந்து வயதில் நின்றுபோன பிள்ளை. நம் கம்பெனிக் குடியிருப்பு பிளாக்கில் அவனுக்கு மூடிய கதவு ஒன்றாவது இருந்ததா? வழி தவறி பஜார் பக்கம் போனால் கம்பெனி பஸ் டிரைவரே ஏற்றிவந்து வாசலில் இறக்குவார். எதிர் குவார்ட்டர்ஸ் வேலு மாமா ஷிப்ட் முடிந்த கையோடு, மைன்ஸ் மண் ஒட்டிய சட்டையைக்கூட மாற்றாமல், அவனோடு கேரம் ஆட உட்காருவார். அண்ணன்தான் ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் காய்கள் தெருவுக்குப் பறக்கும்.

பசித்தால் பக்கத்திலேயே உங்கள் பின்வாசல். "வா மக்ளே" என்று நாகர்கோவில் பேச்சில் கூப்பிட்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கை ஊதி ஊதிக் கொடுப்பீர்கள்.

அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்துக்கு, வாடகை வீட்டுக்கு வந்தோம். இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நானும் அவனும்தான்.

நேற்று நான் துணிக்கடையில் வேலையாக இருந்தபோது நடந்தே போயிருக்கிறான். உங்கள் அடுப்படியில் போய் உட்கார்ந்து "அத்த, சோறு" என்றிருக்கிறான். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் புதியவர்கள். அந்தம்மா அலற, ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் படத்தோடு "திருடன், உஷார்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் கடைக்கு வந்த ஒருவர் காட்டித்தான் எனக்கே தெரியும்.

ஆட்டோ பிடித்துப் போனேன். உதடு கிழிந்து தரையில் கிடந்தான்.

"அடிக்காதீங்க! எங்க அண்ணங்க அது. இந்த வூட்லதாங்க வளந்துச்சு."

"பாவமாத்தாம்மா இருக்கு." அந்தம்மா தன் மகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். "வயசுப் பொண்ண வச்சிக்கினு நான் என்னான்னு நெனைக்கிறது? வெளிய வுடாதீங்க."

அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, அத்தை.

காயத்தைத் துடைக்கும்போது கேட்டான்: "அத்த எங்க?"

"செத்துட்டாங்கண்ணா."

"செரி. செத்துட்டு எப்ப வருவாங்க?"

துணியை மறுபடி நனைத்து அவன் உதட்டைத் துடைத்தேன்.

இன்று காலை அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். தெருமுனை வரை அவன் கதவில் அறையும் சத்தம் கேட்டது. பாதி வழியில் திரும்பி வந்து திறந்துவிட்டேன்; கடைக்குப் போகவில்லை. இப்படியே போனால் வேலை போய்விடும். வேலை போனால் இருவரும் என்ன சாப்பிடுவது? எங்காவது விடுதியில் விட்டுவிடு என்கிறார்கள். அங்கே அவனுக்கு யாரைத் தெரியும்?

விடிந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் சத்தியம். இனி அவனைப் பூட்ட மாட்டேன். அவன் உங்கள் வீட்டுக்குக் கிளம்பினால் நானும் கூட வருவேன். அந்த வாசலில் எத்தனை பேச்சு வேண்டுமானாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். அடி மட்டும் அவன்மேல் விழ விடமாட்டேன்.

பக்கத்து வீட்டில் பிறந்த உங்கள் மகள்,
கலா