நீலச் சட்டையில் வெட்டிய கை

ஜூன் 4

வாண்டின் அப்பாவுக்கு,

நானும் வாண்டும் சுகம். அவளுக்கு இருமல் நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. இன்று அவள் தூங்கிய பிறகுதான் பேனாவையே கையில் எடுக்க முடிந்தது.

ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன், சிரிக்கக் கூடாது. ஹாலில் சோபாவுக்கு மேலே சுவரில் ஓதம் ஏறிப் பூத்திருக்கிறதே, அதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலாகிவிட்டது. கடையில் விற்கிற குதிரைப் படம், அருவிப் படம் எல்லாம் எனக்கு ஒத்து வராது. நம் வீட்டுச் சுவரில் நாம்தான் இருக்க வேண்டும். அதனால் நம் மூன்று பேர் கையையும் காகிதத்தில் வரைந்து, அவரவர் பழைய துணியில் வெட்டி, ஒரு பலகைமேல் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அதில் ஓரம் தைத்து மாட்டப் போகிறேன். வாண்டுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுன். எனக்குக் கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன பச்சைத் துப்பட்டா. உங்களுக்கு நீங்கள் விட்டுப்போன நீல வேலைச் சட்டை. துணி இருக்கிறது, கைதான் இல்லை. வலது கையைக் காகிதத்தில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். கிரீஸைக் கழுவிவிட்டு!

சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் இருந்தபோது நீங்கள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சுரங்க வேலைக்குப் போய் ஜெனரேட்டரோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்த பிறகு என்னமாய் எழுதுகிறீர்கள்! இப்படியே இருங்கள்.

வாண்டின் அம்மா

*

ஜூன் 13

வாண்டின் அம்மாவுக்கு,

கை இதோ. மூன்று தரம் கழுவினேன்.

வழக்கம்போல ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். என் கையெழுத்தைப் படிக்க உனக்குத் தனியாக ஒரு படிப்பு வேண்டியிருக்கும். ஓதம் ஏறின சுவரில் பலகையை ஒட்டி மாட்டாதே. பின்னால் நாலு மூலையிலும் சின்னக் கட்டை வைத்துச் சற்று விலக்கி மாட்டு, காற்று ஓடட்டும். வாண்டுக்குத் தலையணையை உயர்த்திப் பார்த்தாயா? மூக்கடைப்பு விட்டதா? நீ அழுதுகொண்டே எழுதிய போன மாதக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஒண்டியாகச் சமாளிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஜெனரேட்டர் ஓய்ந்தால் முகாமே காதடைத்த மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் உன் கடிதங்களை மறுபடி எடுப்பேன்.

வாண்டின் அப்பா

*

ஜூன் 25

வாண்டின் அப்பாவுக்கு,

மாட்டிவிட்டேன். கட்டையும் வைத்தேன். மஞ்சள் கை நடுவில், இரண்டு பக்கமும் நாம். மேல் வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, வீட்டுக்காரர் ஊர்ல இல்லன்னு கையை மட்டும் வரவழைச்சு மாட்டிட்டியா? மீதியை எப்ப அனுப்புவாராம்?” என்றார். சிரித்தேன். அவர் போன பிறகு அந்தக் கையைப் பார்க்கச் சிரிப்பு வரவில்லை.

வெட்டும்போதே கவனித்தேன். என் கையை உங்கள் கைமேல் வைத்தால் என் விரல் நுனி உங்கள் கடைசிக் கணுவோடு நின்றுவிடும். உள்ளங்கையும் முறம் மாதிரி அகலம். இந்தக் காகிதத்தில் வைத்தால் அகலமும் நீளமும் கிட்டத்தட்ட என் கைதான். இளைத்துவிட்டீர்களா? சரியாகச் சாப்பிடுகிறீர்களா? எலும்புமா இளைக்கும்?

இன்னொன்று. போன ஞாயிறு ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

“சுவத்துல மாட்டிட்டேங்க,” என்றேன்.

“எதை?”

“கையைத்தான்.”

“யார் கையை?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள், “பின்னாடி ஆள் நிக்கிறாங்க, வெச்சிடறேன்,” என்று வைத்துவிட்டீர்கள்.

வாண்டு தூங்கப் போகுமுன் சோபாவில் ஏறி நின்று நீலக் கையில் தன் கையை வைத்து “குட் நைட்ப்பா” சொல்கிறாள். முந்தாநாள் அவளாகவே சொன்னாள்: “போன்ல வர்றது வேற அப்பாம்மா. இது வேற அப்பா. இந்த அப்பாதான் கடுதாசி போடுவாரு.” நான் அதட்டி வைத்தேன். அதட்டியது அவளையா என்னையா, தெரியவில்லை.

வாண்டின் அம்மா

*

ஜூலை 5

வாண்டின் அம்மாவுக்கு,

போன் லைன் மோசம், பாதி காதில் விழவில்லை. பென்சிலை உள்பக்கம் சாய்த்துப் பிடித்திருப்பேன், கை சிறுத்திருக்கும். இதற்கெல்லாமா பயப்படுவது? வாண்டை அதட்டாதே. அவள் சும்மா சொல்கிறாள்.

பலகைக்குப் பின்னால் ஈரம் தட்டுகிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்.

வாண்டின் அப்பா

*

ஜூலை 14

உங்களுக்கு,

உங்கள் டூல்ஸ் பெட்டியில் பழைய தோல் கையுறை ஒன்று கிடந்தது. அந்தக் காகிதக் கையை அதற்குள் நுழைத்துப் பார்த்தேன். கையுறையின் விரல் நுனிகள் காலியாகத் தொங்கின. உள்ளங்கைப் பக்கமும் தொளதொளவென்று கிடந்தது.

பகலில் ஹாலைக் கடக்கும்போதுகூட அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் போகிறேன். கழற்றலாம் என்றால் வாண்டு வீட்டை இரண்டாக்குகிறாள். பித்துப் பிடித்தவள் என்று நினைத்தாலும் சரி. போனில் பேசுகிறவர் என் புருஷனா, கடிதம் எழுதுகிறவர் என் புருஷனா? இரண்டு பேரும் ஒருவர்தான் என்றால் ஒன்றே ஒன்று எழுதுங்கள். கிளம்பிப் போன அன்று கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக என்னிடம் ஒன்று சொன்னீர்களே, அது என்ன?

வாண்டின் அம்மா

*

ஜூலை 22

அம்மா,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியாது. சொன்னவர் எதிர்க் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

நான் இங்கே ஸ்டோர் கீப்பர். இருவருக்கும் ஒரே அறை. முதல் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அடுத்ததற்கு, “எனக்கு எழுத வராது சார், நீங்களே எதாவது போட்டு அனுப்பிடுங்க,” என்றார். இப்போதெல்லாம் உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டிவிடுகிறார். நீங்கள் கை கேட்டதைச் சொன்னேன். “உங்க கையையே வரைஞ்சிடுங்க, எல்லாக் கையும் கைதானே,” என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டேதான் வரைந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. நன்றாக இருக்கிறார். கூப்பிட்டால் உடனே முழித்துக்கொள்வார்.

எழுப்பிக் கேட்கட்டுமா?

*

ஜூலை 31

ஸ்டோர் கீப்பருக்கு,

எழுப்ப வேண்டாம். எழுப்பினாலும் அவருக்கு நினைவிருக்காது. “மோட்டார் சுவிட்சை அணைக்க மறக்காதே” என்றார், அவ்வளவுதான். அன்று அந்தக் கதவருகில் உங்களை நிற்க வைத்திருந்தால் இதைவிட நன்றாக ஏதாவது சொல்லியிருப்பீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

என் குழந்தை எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு சீராகும் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். நான் எதற்கெல்லாம் அழுதேன் என்பது தெரியும். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. இத்தனை நாளாய் ஹாலில் எங்களோடு நீங்களும் இருந்திருக்கிறீர்கள்.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. அதை அவர்தான் பிரிக்க வேண்டும். எழுத்து ஒன்றும் இல்லை. நீலத் துணிக் கை மட்டும்தான். அவர் சட்டை, உங்கள் கை. பார்த்ததும் அவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் அதுவும் எனக்குத் தெரிய வேண்டும். தன் கையைத் தானே வைத்து, கோணல்மாணலாக வரைந்தாலும் சரி, கிரீஸோடு இருந்தாலும் சரி, அவர் அனுப்பட்டும். சட்டையில் இன்னும் துணி மிச்சம் இருக்கிறது. நாலு வரி அவர் கைப்பட எழுதவும் வேண்டும். அது வரும்வரை இங்கிருந்து கடிதம் வராது.

தையலைப் பிரித்த இடத்தில் வெள்ளைத் துணியில் ஊசித் துளைகள் நின்றுவிட்டன. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஐந்து விரலும் தெரிகின்றன. வாண்டு இப்போதும் அங்கேதான் கை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறாள்.

நேற்று அவள் தூங்கிய பிறகு நானும் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.

இதற்குப் பதில் எழுதாதீர்கள்.