அப்பா எழுத வேண்டிய ஒரு பக்கம்

ஆட்டையாம்பட்டி
6.1.2025

யுவஸ்ரீயின் அப்பாவுக்கு,

இங்கு நானும் பாப்பாவும் நலம். உங்கள் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் ஞாயிறுதோறும் பாப்பா உங்களிடம் போனில் பேசிவிட்டு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுகிறாள். ராய்ப்பூரில் குளிர் அதிகம், உங்களுக்கு மறுபடியும் தோள்பட்டை வலி என்பதுவரை தெரியும். தைலம் வாங்கித் தேயுங்கள்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் என்றால் நமக்கு இரண்டாவது பேச்சிலேயே சண்டை வந்துவிடும். காகிதத்தில் அவ்வளவு சீக்கிரம் வராது. கல்யாணமான புதிதில் நீங்கள் போர் போடும் ரிக் வண்டியோடு அனந்தபூர்ப் பக்கம் அலைந்தபோது வாரம் ஓர் இன்லண்ட் லெட்டர் வரும். ஒன்றில்கூடச் சண்டை இல்லை.

விஷயம் இதுதான். பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் பாப்பா மனுப் போட்டிருக்கிறாள். பூமிக்குள் பாறையும் தண்ணீரும் எப்படி இருக்கின்றன என்று படிக்கும் படிப்பு. அந்தப் புத்தி யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுக்க நாலாயிரம் பிள்ளைகள் கேட்கிறார்களாம், அறுபது பேரைத்தான் எடுப்பார்களாம். மார்க் மட்டும் போதாதாம். பிள்ளை ஒரு கட்டுரை எழுத வேண்டும், பிறகு நேரில் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதோடு அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், தனித்தனியாகத் தங்கள் கையெழுத்தில் பிள்ளையைப் பற்றி எழுதி அனுப்ப வேண்டும். மார்க் ஷீட் சொல்லாததைச் சொல்லுங்கள் என்று போட்டிருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். முடிவு வரும்வரை பிள்ளைக்குக் காட்டக் கூடாது.

பெற்றோரில் யாராவது ஒருவர் இல்லை என்றால் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது, டிக் போட்டுவிட்டால் ஒரு பக்கமே போதும். பாப்பா டிக் போடவில்லை. "அப்பா இருக்காருல்ல, எதுக்கு இல்லைனு போடோணும்?" என்றாள்.

பிப்ரவரி இருபதுக்குள் போய்ச் சேர வேண்டும். எழுதி எனக்கு அனுப்புங்கள், இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். நாமக்கல் ஹாஸ்டலில் நீங்கள் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளை கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள் என்று ஒரே மாதத்தில் நான் கூட்டிக்கொண்டு வந்த கதையை இதில் எழுத வேண்டாம். அவள் படிப்பையே கெடுத்துவிட்டேன் என்று சொந்தபந்தம் முன்னால் நீங்கள் பேசி முடித்தாகிவிட்டது. "இனிமே இந்த ஊட்டுக்கு வராதீங்க" என்று நானும் சொல்லி முடித்தாகிவிட்டது. ஆறு வருடம் ஓடியும் போய்விட்டது.

இப்படிக்கு,
யுவஸ்ரீயின் அம்மா


ராய்ப்பூர்
16.1.2025

கோகிலவாணிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. இங்கே நம் ஊர்ப் பையன்கள் எல்லாம் சேர்ந்து ரிக் வண்டிக்கு மாலை போட்டுக் கம்ப்ரசர் பக்கத்திலேயே பானை வைத்தோம். பொங்கல் அடிபிடித்துவிட்டது. உன் கைப் பொங்கல் நினைவுக்கு வந்தது என்று எழுதினால் கோபப்படுவாய். ஆனாலும் வந்தது.

பாப்பா அந்தக் கட்டத்தில் டிக் போடவில்லை என்று நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டிக்குப் பின்னால் போய் நின்றிருந்தேன்.

எனக்கு இந்த மாதிரியெல்லாம் எழுதிப் பழக்கமில்லை. போர் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி என்று எழுதியே கை பழகிவிட்டது. நம் முதலாளி மகன் கௌசிக் போன வருடம் இப்படித்தான் ஒரு பெரிய கல்லூரிக்குப் போட்டான். சேலத்தில் ஒரு கன்சல்டன்சியில் மாதிரித் தாள் கொடுத்தார்களாம். அதை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, என் கையால் இரண்டு தடவை திருத்தமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பெரிய கல்லூரிகளில் இப்படித்தான் எதிர்பார்ப்பார்களாம். என்னால் பாப்பாவுக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது.

இளவழகன்


ஆட்டையாம்பட்டி
25.1.2025

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்ததும் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பாராவில் சிரிப்பு வந்துவிட்டது. நம் பெண் வாராவாரம் கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறாளாம். ஆட்டையாம்பட்டிக்கு எந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று எழுதுங்கள், நானும் ஒரு நாள் போய்க் கால் நனைத்துவிட்டு வருகிறேன். முதியோர் இல்லத்தில் வயலின் வேறு வாசிக்கிறாளாம். அவளுக்கு ஒழுங்காக விசில்கூட அடிக்க வராது.

கன்சல்டன்சிக்குத் தெரிந்த பிள்ளையை அவர்கள் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த பிள்ளையைக் கேட்கிறார்கள். சின்ன வயதில் லீவு விட்டால் போதும், அவளை ரிக் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. தலையெல்லாம் மண்ணோடு வந்து வாசலில் நின்று அப்பாவும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வீர்கள். கேட்டால் "ஒண்ணுமில்லீங்கம்மா" என்பாள். அந்த ஒன்றுமில்லாததை எழுதுங்கள்.

என் பக்கத்தை எழுதிவிட்டேன். குச்சிக்கிழங்குக் காட்டில் களை எடுக்கும்போது அவள் என்னைக் கேட்டுத் துளைக்கும் கேள்விகளை எழுதினேன். பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது என்றும் எழுதிவிட்டேன்.

முறுக்கு அனுப்பியிருக்கிறேன். பையன்களுக்கும் கொடுங்கள்.

இப்படிக்கு,
கோகிலவாணி


ராய்ப்பூர்
5.2.2025

கோகிலாவுக்கு,

முறுக்கு வந்தது. பாதி உடைந்திருந்தது. அதற்கும் சண்டை போட்டுத் தின்றார்கள். பக்கத்தை எழுதிவிட்டேன், ஆனால் கவரை ஒட்டவில்லை. படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு. இதில் கடல் இல்லை.

இளவழகன்

கல்லூரி ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம். நான் போர் போடும் ரிக் வண்டியில் மேனேஜராக இருக்கிறேன். என் மகள் யுவஸ்ரீக்கு எட்டு வயது இருக்கும்போது கோடை லீவில் என்னோடு எடப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தாள். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டப் பாயிண்ட் பார்ப்பவர் காட்டிய இடத்தில் எண்ணூறு அடி ஓட்டினோம். மண்புகைதான் வந்தது. தண்ணீர் வராத குழியிலிருந்து, மண் சரியாமல் இருக்க இறக்கிய இரும்பு கேசிங் பைப்பை உருவிக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவது எங்கள் தொழிலில் அப்போது வழக்கம். குழி வாய் திறந்தபடி கிடக்கும். காலையில் ஒரு கல்லைப் போட்டு மூடிக்கொள்கிறேன் என்று தோட்டக்காரர் சொன்னார்.

எல்லோரும் வண்டியில் ஏறிய பிறகு பார்த்தால் பாப்பா ஏறவில்லை. குழிக்குக் கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். "மூடுங்க, வாரேன்" என்றாள். அடுத்த போருக்கு அயோத்தியாப்பட்டணத்தில் பூஜைச் சாமான்களோடு நல்ல நேரம் பார்த்துக் காத்திருந்தார்கள். மிரட்டினேன். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் அழவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. கடைசியில் எங்கள் வெல்டர் சின்னான் பைப் துண்டு ஒன்றை இறக்கி, அதன் மேல் இரும்பு மூடி வைத்துப் பற்றவைத்தார். சூடு ஆறும்வரை காத்திருந்து, தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்து ஏறினாள். அயோத்தியாப்பட்டணத்தில் நல்ல நேரம் தாண்டிவிட்டது. அவர்கள் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் கேட்டாள்: "தண்ணி வந்த போரையெல்லாம் சொல்லுவீங்களே, வராத போரு எத்தனைங்கப்பா? அதெல்லாம் இப்ப எங்க கெடக்குது?" இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வராததை இந்தத் தொழிலில் யாரும் நினைவில் வைப்பதில்லை. அன்றிலிருந்து எங்கள் வண்டி மூடாமல் எந்தக் குழியை விட்டும் நகர்ந்ததில்லை.

இப்போது அவளுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. நான் வெளியூரில் இருக்கிறேன். அவளைக் கேள்வி கேட்க விட்டு வளர்த்தது அவள் அம்மா.


ஆட்டையாம்பட்டி
12.4.2025

ஏனுங்க,

இரண்டு பக்கங்களையும் உங்கள் கவர் கிடைத்த அன்றைக்கே அனுப்பிவிட்டேன். உங்கள் பக்கத்தை அனுப்பும் முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். அதன் கடைசி வரியைப் படிக்கவே அடிக்கடி எடுக்கிறேன். இதை ஆறு வருடம் முன்னால் ஒரு தடவை வாயால் சொல்லியிருந்தால் என்ன என்று கோபமும் வருகிறது.

நேரில் கூப்பிட்டுப் பேசியது போன மாதம். நானும் கூடப் போயிருந்தேன். வெளியே மரத்தடியில் எங்களைப் போலவே ஏகப்பட்ட அம்மா அப்பாக்கள். உள்ளே மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். உனக்கு விடை தெரியாத ஒன்றைச் சொல் என்றார்களாம். "எங்க காட்டுப் போர்ல நானூறு அடியில தண்ணி வந்துச்சுங்க, வரப்புக்கு அந்தப் பக்கம் ஆயிரம் அடியிலயும் வரலீங்க, ஏன்னு எனக்குத் தெரியாதுங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதையே பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்களாம். சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. தெரிந்ததைச் சொன்னால் மார்க் போடுவதுதான் நமக்குத் தெரிந்த பள்ளிக்கூடம்.

மே மாதம் முடிவு சொல்வார்களாம். அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் நம் காட்டில் போர் போட்ட அன்றைக்கு நாம் காத்துக் கிடந்தது நினைவு வருகிறது. உங்களுக்கு வருகிறதா?

கோகிலா


ராய்ப்பூர்
24.4.2025

கோகிலா,

வராமலா. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊருக்கெல்லாம் போர் போடுகிறவன் சொந்தக் காட்டில் வறண்டு போனால் என்ன பெயர் வாங்குவேன் என்றுதான் எனக்கு நினைப்பு. இருநூறில் புகை, முன்னூறிலும் புகை. உங்கள் அப்பா துண்டை உதறிக்கொண்டு, "போதும் மாப்பிள்ளை, எந்திரிங்க" என்று சொல்லிவிட்டார். நீ புளிச்சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தபடி, "இன்னும் ஒரு ராடுங்க" என்று விரலைக் காட்டினாய். அந்த இருபது அடி இரும்பை இறக்கி முடித்தால் மறுபடியும் விரலைக் காட்டினாய். நானூற்றுப் பத்தில் புகை நின்று சேறு பீய்ச்சியது. நீ எழுந்து ஓடிவந்து அதற்குள்ளேயே நின்றாய். அந்த நீலச் சேலையில் பட்ட செம்மண் கறை கடைசிவரை போகவில்லை.

இங்கே கட்டிலில் படுத்தால் அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

பாப்பாவுக்குக் கிடைக்கும். நான் இங்கே எந்தக் கோயிலைக் கண்டாலும் வண்டியை நிறுத்துகிறேன். கிடைத்து அவள் போய்விட்டால் வீட்டில் நீ மட்டும்தான் இருப்பாய். அதை நினைத்தாயா?

இளவழகன்


ஆட்டையாம்பட்டி
20.6.2025

ஏனுங்க,

காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்ததைப் பாப்பா மே மாதமே சொல்லியிருப்பாள். மூன்று நாள் முன்னால் கடைசி முடிவு வந்தது. இல்லை. வருந்துகிறோம் என்று நாலு வரி. என்ன குறை என்று அதில் ஒன்றும் இல்லை.

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஹாஸ்டலிலிருந்து கூட்டி வந்த பிறகு அவளை அப்படி நான் பார்த்ததில்லை, பயந்துவிட்டேன். முடிவுதான் வந்துவிட்டதே என்று உங்கள் பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். படித்தாள். "இத அப்பாவா எழுதுனாரு?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கல்லூரிக்காக அழுததாக எனக்குத் தோன்றவில்லை.

காலையில் தானாக எழுந்து வந்து காபி கேட்டாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "அறுவது பேரு போக மிச்சம் இருக்கறவங்கெல்லாம் இப்ப எங்க படிப்பாங்கம்மா?" என்றாள். எட்டு வயதில் உங்களைக் கேட்ட அதே கேள்வி. அந்தக் கல்லூரி எதைத் தேடியதோ தெரியாது, நான் தேடியது என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தது.

சேலத்தில் அரசுக் கல்லூரியிலேயே அந்தப் படிப்பு இருக்கிறது. இடமும் கிடைத்துவிட்டது. ஜூலை இரண்டாம் தேதி சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்தே போய்வருவாள். அதனால் நான் தனியாக இருப்பேனே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தக் காரணத்துக்காக நீங்கள் வர வேண்டியதுமில்லை.

ஆனால் அன்று காபியைக் குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள். "ஊர்ல இருக்கற குழியெல்லாம் அப்பா மூடுனாரே, உங்க ரெண்டு பேரு குழிய மட்டும் ஏம்மா தொறந்தே உட்டுட்டீங்க?"

நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஒரு தடவை வந்து பாருங்கள். வறண்டதுதான் என்றால் முறையாக மூடிவிட்டுப் போங்கள், நான் தடுக்க மாட்டேன். இல்லையென்றால் இன்னும் ஒரு ராடு இறக்கிப் பார்க்கலாம். எனக்கு இறக்கிப் பார்க்கத்தான் ஆசை.

சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. ஆறு வருடமாக இடம் மாற்றவில்லை.

கோகிலா


ஆட்டையாம்பட்டி
2.7.2025

கோகிலா,

பதில் எழுதினால் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று நானே கிளம்பிவிட்டேன். பாப்பாவைக் கல்லூரியில் சேர்க்க இரண்டு பேரும் காலையிலேயே சேலம் போய்விட்டதாகப் பக்கத்துக் காட்டுச் சின்னுசாமி அண்ணன் சொன்னார். சாவி இருந்தது. திறந்து உள்ளே வந்துவிட்டேன்.

குண்டானில் இருந்த சோற்றை மோர் விட்டுச் சாப்பிட்டுவிட்டேன். போர் மோட்டாரைப் பார்க்கக் காட்டுக்குப் போகிறேன். வந்ததும் என்னைக் காணோமே என்று தேடாதே.

பை சமையலறையில் இருக்கிறது. அதில் என் துணி எல்லாம் இருக்கிறது. சத்தீஸ்கரில் ஒவ்வொரு ஆழத்திலும் வந்த கல்லை அடி எழுதித் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், அது பாப்பாவுக்கு.

மூடி எதுவும் கொண்டு வரவில்லை.

இளவழகன்