பதினாலு பச்சைப் புள்ளி

3 மார்ச், திங்கள்

விடியும்போது குளிர். பத்து மணிக்குள் வெயில், கூடவே காற்று. பழைய தங்கச் சுரங்கத்துச் சயனைட் மேட்டு மண் பறந்து வந்து கொடியில் கிடந்த துணியெல்லாம் பவுடர் பூசிக்கொண்டது. மறுபடி அலச வேண்டும். தண்ணீர் நாளைக்குத்தான்.

முட்டி பரவாயில்லை. மாடிப்படி மட்டும் ஏறாதீங்க என்கிறார் டாக்டர். ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் மாடிக்கு எங்கே போவது.

கம்பெனி லேப்டாப் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்னும் அதற்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. வேலை இதுதான்: பெங்களூரில் ஆபீஸ் கட்டடங்களைத் துடைக்கிற எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் எல்லோரும் போனில் பாடம் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் கேள்விக்குப் பதில் அமுக்க வேண்டும். பார்க்கிறார்களா என்று நான் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாடம் ஓடினால் அவர்கள் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி. மூடினால் சாம்பல்.

போன வருஷம் வரை நானும் மாப் பிடித்தவள்தான். ஈரப் படியில் வழுக்கி முட்டி போனதால் உட்கார்ந்த வேலை கொடுத்தார்கள். கொடுத்து வைத்தவள் என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் லேப்டாப்பைத் திறந்து கொஞ்ச நேரத்தில் பதினாலு புள்ளி ஒன்றாகப் பச்சையாகும். அதுதான் பெங்களூர் போகும் எங்கள் ரயில், கடைசிப் பெட்டி. பங்காருப்பேட்டை தாண்டினால் போன் சிக்னல் போய்ப் பதினாலும் சாம்பல். டேக்கல் பக்கம் மறுபடி பச்சை. ரயில் எங்கே போகிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். நான் இல்லாமல் போகிறது.

மதியம் நேற்றுச் சோறு, மோர். பேச ஆள் இல்லாவிட்டால் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

4 மார்ச், செவ்வாய்

தண்ணீர் வந்தது. துணி அலசியாச்சு. காஸ் புக் பண்ண மறந்தேன்.

ரம்யா மேடம் வீடியோவில் வந்தார். பெங்களூர் ஆபீஸில் டிரெய்னிங் முழுக்க அவர் பொறுப்பு. (இனிமேல் ர.மே. முழுசாக எழுதக் கை வலிக்கிறது.) சின்ன வயசு, நல்ல பெண். பாதி கன்னடம், பாதி இங்கிலீஷ், என்னிடம் கொஞ்சம் தமிழ். எனக்கு முதல் இரண்டும் அரைகுறை. சேர்த்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

விஷயம்: ரயில் பெண்கள் பதினாலு பேரும் ஒரே நிமிஷத்தில், ஒரே கேள்விகளுக்கு, ஒரே தப்பைப் பண்ணியிருக்கிறார்கள்.

"காப்பி, கஸ்தூரி அவ்ரே. பக்கா காப்பி. யாரோ ஒருத்தர் ஆன்சர் சொல்றாங்க. யாருன்னு வெள்ளிக்குள்ள எனக்கு ரிப்போர்ட் குடுங்க."

கொடுக்காவிட்டால் பதினாலு பேர் பெயரையும் பூட்டிவிடுவார்களாம். பாடம் முடித்த சர்டிபிகேட் இல்லாமல் அடுத்த மாதத்திலிருந்து கட்டடத்துக்குள் விட மாட்டார்கள். வேலை போச்சு என்று அர்த்தம்.

கண்டுபிடிக்க என்ன இருக்கிறது. பத்மா, ரயிலில் என் பக்கத்து சீட்டுக்காரி. வேறு யார்.

ஏழாவது கேள்வி: தரை ஈரமாக இருந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? சரியான பதில்: வழுக்கும் என்று எழுதிய மஞ்சள் போர்டு வைக்க வேண்டும். பதினாலு பேரும் அமுக்கியது: துடைக்க வேண்டும். பத்மா கத்தியிருப்பது இங்கிருந்தே எனக்குக் கேட்கிறது: "தொடச்சிட்டா அப்புறம் போர்டு இன்னாத்துக்குமே? அமுக்குங்க எல்லாரும்!" நியாயமாகத்தான் இருக்கிறது. போர்டு எதற்கு என்று என் முட்டியைக் கேட்டால் சொல்லும்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது.

பாடம் ஓடுகிற ஆப்பில் கன்னடம் இருக்கிறது, இந்தி இருக்கிறது, இங்கிலீஷ் இருக்கிறது. தமிழ் இல்லை. கன்னடம் பேசுவோம், எல்லோரும் பேசுவோம். படிக்கத் தெரிந்தவள் பத்மா மட்டும். அவள் படித்துத் தமிழில் சொன்னால்தான் மற்றவர்களுக்கு விளங்கும். எங்களில் மூத்த சரோஜாக்காவுக்கு எந்த எழுத்தும் தெரியாது, கையெழுத்துப் போடுவதோடு சரி. இதற்குப் பெயர் காப்பியா.

5 மார்ச், புதன்

பத்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. சாயந்திரம் ஒரு மெசேஜ். "வேலையா இருக்கேன் மேடம்."

மேடமாம். என் தலையில் பேன் பார்த்தவள் அவள்.

எப்போது ஆரம்பித்தது இது? லேப்டாப் வந்த வாரம் எங்கள் ரயில் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டேன்: "பாடம் முடிக்காதவர்கள் உடனே முடிக்கவும்." ர.மே. அனுப்பியது, அப்படியே தள்ளிவிட்டேன். அதற்கு முன்னால் அந்தக் குரூப்பில் நாள் முழுக்க ஏதாவது வரும். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பெட்டியில் டிடிஆர், புடவை போட்டோ. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வேறு குரூப் ஆரம்பித்திருப்பார்கள், நான் இல்லாமல்.

அழுதேன். இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள்.

நாளைக்கு ரயிலுக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். முட்டி எக்கேடு கெட்டால் என்ன.

6 மார்ச், வியாழன்

போனேன்.

ஸ்டேஷன் வரை ஆட்டோ. இருட்டு பிரியவில்லை. கைத்தடியை ஒரு கையில் பிடித்து, கம்பியை ஒரு கையில் பிடித்து, கடைசிப் பெட்டி. மல்லிகை, தேங்காய் எண்ணெய், யாரோ டிபன் பாக்ஸில் எலுமிச்சம்பழச் சாதம். ஏறும்போதே பத்மாவின் குரல்: "மூணாவது! மூணாவத அமுக்கு, அய்ய சரோஜாக்கா, மூணாவதுன்றேன்!"

என்னைப் பார்த்தார்கள். போனெல்லாம் பைக்குள் போயின.

"வாங்க மேடம்," என்று பத்மா எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு போன இடம் அது. இப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை.

"ஏழாவது கேள்வி விஷயமா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்கள செக் பண்ண அனுப்பனாங்களா?" பத்மா.

"அய்யோ இல்லமே. உங்க பேரெல்லாம் லாக் பண்ணப் போறாங்க. எல்லாரும் ஒரே தப்பப் பண்ணா அவங்களுக்குத் தெரிஞ்சி பூடுது. அதான்…"

"நாங்க தப்புதான் பண்ணுவோம். நீங்க வூட்ல ஒக்காந்து பாத்துக்கினு இருங்க."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்காவது கிட்டே வருவார்கள்.

சரோஜாக்கா மட்டும் கேட்டது: "முட்டி எப்டி கீது?"

"பரவால்லக்கா."

"எண்ண தடவறியா?"

"தடவறேன்."

பங்காருப்பேட்டையில் இறங்கிக்கொண்டேன். ரயில் நகர்ந்ததும் பெட்டிக்குள் மறுபடி பேச்சுச் சத்தம் ஆரம்பித்தது. பஸ் பிடித்து வீடு வந்தேன்.

7 மார்ச், வெள்ளி

ரிப்போர்ட் எழுத வரவில்லை. ர.மே.யைக் கூப்பிட்டு வாயாலேயே சொன்னேன். காப்பி இல்லை மேடம். ஒருத்தி படிக்கிறாள், மற்றவர்கள் கேட்கிறார்கள், சண்டை போட்டு ஒரு பதிலுக்கு வருகிறார்கள், அதனால் எல்லோருக்கும் ஒரே பதில். முன்னே ஹாலில் கிளாஸ் நடந்ததே, அதுவும் இப்படித்தான். ஒருத்தி கேட்டால் எல்லோருக்கும் விளங்கும். பாடத்தைக் கூட்டமாகவே வையுங்கள். வேண்டுமானால் நானே தினம் ரயிலில் போய் நடத்துகிறேன்.

பத்மா பெயரைச் சொல்லவில்லை. கடைசி வரி அவர்களுக்காகச் சொன்னேனா, எனக்காகச் சொன்னேனா? எனக்காகத்தான்.

ர.மே. முழுக்கக் கேட்டார். "சூப்பர் கஸ்தூரி அவ்ரே! ப்ராப்ளம் இப்பதான் புரியுது." யாரையும் பூட்டவில்லை. எல்லோருக்கும் இன்னொரு தடவை வாய்ப்பு. புது ஏற்பாடு திங்கள் சொல்வாராம்.

அப்பாடா. கேசரி கிண்டினேன். பழக்கதோஷம், ரயிலுக்குக் கொண்டுபோகிற அளவு கிண்டிவிட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

ஆண்டர்சன்பேட்டை சந்தை. மீன், தக்காளி, பேட்டரி.

மீன்காரம்மா: "எத்தினி பேருக்கு?"

"ஒருத்திக்கு."

"ஒருத்திக்கு நானு இன்னாத்த வெட்றது? தல, வாலு எல்லாம் நீயே துன்னு."

யாரையும் பூட்டவில்லை என்று குரூப்பில் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. கேசரி ஊசிப்போனது.

10 மார்ச், திங்கள்

புது ஏற்பாடு, ர.மே. சொன்னபடி:

பாடமும் கேள்வியும் தமிழ்க் குரலில் வரும். நல்லது.

பாடம் ஓடும்போது போன் கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு முகம்தான் தெரிய வேண்டும். இரண்டாவது முகம் வந்தால் பாடம் நிற்கும்.

பக்கத்தில் பேச்சு கேட்டாலும் நிற்கும். மூன்று தடவை நின்றால் பூட்டு. இயர்போன் கம்பெனி கொடுக்கும். ரயில் சத்தம் பரவாயில்லையாம், மனுஷக் குரல்தான் ஆகாதாம்.

"கூட்டமா பண்ணலாம்னு சொன்னேனே மேடம்?"

"ஒவ்வொருத்தர் மார்க்கும் தனித்தனியா வேணும்னு பில்டிங்காரங்க கேக்கறாங்க. நீங்க சொன்னதாலதான் இந்த ஐடியாவே வந்துச்சு."

நான் சொன்னதால்.

தமிழ்க் குரலும் நான்தானாம். என் ஊர்த் தமிழ் அவர்களுக்குச் சுலபமாகப் புரியுமாம். முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மறுபடி கன்னட எழுத்து, படித்துச் சொல்லப் பத்மாவும் கிடையாது. பதினாலில் பதிமூன்று பேர் தேறமாட்டார்கள். சரி என்றேன்.

12 மார்ச், புதன்

ரெக்கார்டிங். கதவு, ஜன்னல் அடைத்து, ஃபேனை நிறுத்தி, வேர்வையில் குளித்துக்கொண்டு. பக்கத்து வீட்டுச் சேவல் இரண்டு தடவை கெடுத்தது. அதன் குழம்பை நான் ஒரு நாள் சாப்பிடத்தான் போகிறேன்.

முதலில் ரேடியோ மாதிரி பேசினேன். கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அப்புறம் எதிரே சரோஜாக்கா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். "தரை ஈரமா கீது. நீ மொதல்ல இன்னா செய்வே? நல்லா யோசிச்சி சொல்லு." இது சரியாக வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், அவர்கள் யோசிக்க. அந்த இடைவெளியில் நானும் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரே நாளில் இவ்வளவு பேசி எவ்வளவு காலம் ஆச்சு. தொண்டை கட்டிக்கொண்டது. சுக்குத் தண்ணீர்.

17 மார்ச், திங்கள்

புதுப் பாடம் இன்றைக்கு ஆரம்பம். புள்ளிகள் ஒன்றாக வரவில்லை. இங்கொன்று, அங்கொன்று. ஏழாவது கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் சரி. ர.மே. கைதட்டுகிற பொம்மை அனுப்பினார்.

சாயந்திரம் பத்மா போன் செய்தாள்! அவளாகவே. அடுப்பில் பால் இருந்தது, அப்படியே விட்டு ஓடினேன்.

"கஸ்தூரி," என்றாள். மேடம் இல்லை. "பொட்டில மூலைக்கு ஒருத்தியா ஒக்காந்துக்கினு கீறோம். ஒருத்தி போன்ல இன்னொருத்தி மூஞ்சி படக்கூடாதாமே. நானு கதவாண்ட நின்னுக்கினு வந்தேன். காதுல நீ பேசிக்கினே கீறே. வெளிய ஒரு சத்தம் இல்ல. சாவு வூட்டுக்குப் போற மாரி கீது."

"நானு இப்டி கேக்கல பத்மா. எல்லாரும் ஒண்ணா பண்ணட்டும்னுதான் கேட்டேன்."

"நீ கேட்டிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது."

வைத்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன்.

18 மார்ச், செவ்வாய்

மேகமூட்டம். மழை வராது.

பதிமூன்று பேர் முடித்தாச்சு. சரோஜாக்கா மட்டும் பாக்கி. பெயருக்கு நேரே சிவப்பில்: பேச்சுக் குரல், பாடம் நிறுத்தம். நேற்று ஒரு தடவை, இன்று ஒரு தடவை. இன்னொன்று ஆனால் பூட்டு. அந்த வயசில் வேறு எங்கே போய் வேலை கேட்பது.

யார் பேசுவது அக்கா பக்கத்தில்? எல்லோரும்தான் மூலைக்கு ஒருத்தியாக இருக்கிறார்களே. பேச்சு கேட்டுப் பாடம் நிற்கும்போது அந்தச் சத்தத்தை ஆப் பதிந்து அனுப்புகிறது, நான் போட்டுக் கேட்கலாம். கேட்டேன்.

ரயில் சத்தம். அப்புறம் அக்கா குரல். வேறு யார் குரலும் இல்லை.

"போர்டு வெப்பேன் கஸ்தூரி. நீ வுழுந்த நாளா போர்டு வெக்காம நானு மாப்பத் தொட்றதே இல்ல." கொஞ்சம் ரயில் சத்தம். "நீ சாப்டியா? தனியா கீறியே, ஆக்கறியா, இல்ல பட்டினி கெடக்கறியா?" மறுபடி ரயில் சத்தம். ரொம்ப நேரம் ரயில் சத்தம். நான் பதில் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருக்கிறது அக்கா.

மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அப்புறம் போன் செய்தேன்.

"அக்கா, பாடத்துல நானு பேசறப்போ நீ பதில் பேசக்கூடாது."

"நீ கேக்கறே. வாய மூடிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அது நானு இல்லக்கா. முன்னாடியே பேசி வெச்சது. நீ சொல்றது எனக்குக் கேக்காது. கம்முனு பட்டன மட்டும் அமுக்கு. பேசினா உன்ன லாக் பண்ணிடுவாங்க."



"அப்ப நீ சாப்டியா, இல்லியா?"

"சாப்டேன்க்கா."

உலையே வைக்கவில்லை.

19 மார்ச், புதன்

சரோஜாக்கா முடித்துவிட்டது. எல்லாப் பதிலும் சரி. வாயே திறக்கவில்லை.